டோக்கியோவை எப்படிப் பகுப்பது? பயணத் திட்டத்தின் மூன்றரை நூற்றாண்டு வரலாறு

டோக்கியோவில் ஐந்து நாள் கிடைத்தால் எங்கெங்கே போகலாம் என்று கேட்டால் இன்று நொடியில் நூறு பதில் வந்துவிடும். ஆனாலும் கேட்பவர்கள் குறையவில்லை. 23 வார்டுகள், ஏறத்தாழ 627 சதுர கிலோமீட்டர், ஒரு கோடியை நெருங்கும் மக்கள் என்று விரிந்து கிடக்கும் ஊரை எந்த அலகால் பகுப்பது என்பதில் பதில் சொல்பவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. புகழ்பெற்ற இடங்களைக் கொண்டா, ரயில் தடத்தைக் கொண்டா, பேட்டை பேட்டையாகவா, பருவத்தை வைத்தா, முன்னே போய்வந்தவர்கள் போட்ட மதிப்பெண்ணை வைத்தா? (நிர்வாக எல்லைப்படி பார்த்தால், தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, கப்பலில் ஒரு முழு நாள் போக வேண்டிய ஒகசவாரா தீவுகளும் டோக்கியோதான். அதை இங்கே விட்டுவிடலாம்.)

இந்த ஐந்து அலகுகளில் எதுவும் புதிதல்ல. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், தமக்குத் தேவையான ஒரு வாசகரை மனத்தில் வைத்து உருவாக்கினார். பெரும்பாலான திட்டங்கள் இடறுவது அந்த வாசகர் யார் என்று கேளாமல் அலகை மட்டும் கடன் வாங்கும்போதுதான் என்று தோன்றுகிறது.

பட்டியலின் பிறப்பு

இயேயாசு 1603-இல் ஷோகுன் ஆட்சியை நிறுவியபோது எடோ, அதாவது இன்றைய டோக்கியோ, வளரத் தொடங்கிய ஊர். 1635-இல் ஒரு விதி உறுதியானது: நாட்டின் பிரபுக்கள் முறைவைத்து எடோவில் வந்து தங்க வேண்டும். அவர்களோடு ஆயிரக்கணக்கான சாமுராய் ஊழியர்கள் வந்தார்கள். வேலை குறைவு, ஓய்வு அதிகம், ஊரோ புதிது. வழிகாட்டி நூலுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகர் கிடைப்பது அரிது.

1662-இல் அசாய் ரியோய் எழுதிய எடோ புகழிடக் குறிப்பு இந்த வகையில் முன்னோடி. 1732-இல் ‘எடோ சுனாகோ’ வந்தது. இந்த மரபின் உச்சம் 1834-லும் 1836-லும் வெளியான ‘எடோ மெய்ஷோ சுஎ’. சைட்டோ குடும்பத்தின் மூன்று தலைமுறை தொகுத்து, ஹசெகாவா செத்தான் படம் வரைந்த இருபது புத்தகங்கள் அவை. கோயில், பாலம், பூந்தோப்பு, தேநீர்க்கடை என்று ஊரையே இடங்களின் வரிசையாக அது எழுதிவைத்தது. இத்தகைய வரிசை நடைமுறையில் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. வகயாமாவிலிருந்து பணிக்காக வந்த சகாய் பான்ஷிரோ என்ற கீழ்நிலைச் சாமுராய் 1860-இல் எழுதிய நாட்குறிப்பு அது. அலுவலைவிட ஊர்சுற்றலும் சாப்பாடுமே அதில் அதிகம்.

பட்டியலின் பலம் எளிமை. அசகுசாவின் சென்சோஜி கோயிலைப் பார்க்காமல் திரும்பினால் வீட்டில் கேட்பார்கள் என்பதும் ஒரு நியாயம்தான். பலவீனங்கள் இரண்டு. முதலாவது, டோக்கியோவில் பட்டியல் நிலைப்பதில்லை. அசகுசாவின் அடையாளமாக 1890-இல் எழுந்த பன்னிரண்டு மாடிக் கோபுரம் 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் முறிந்தது. சென்சோஜியின் தலைமை மண்டபம் 1945 வான்தாக்குதலில் எரிந்தது. இன்று நாம் காண்பது 1958-இல் முடிந்த கட்டடம். வாயிலில் தொங்கும் சிவப்பு விளக்கை 1960-இல் காணிக்கையாகக் கொடுத்தவர் மின்சாதனத் தொழிலதிபர் மத்சுஷிதா கோனொசுகே. சுகிஜியின் மொத்த விற்பனை மீன்சந்தை 2018 அக்டோபரில் டொயோசுவுக்குப் போய்விட்டது. பழைய நூலை நம்பிப் போகிறவர் சுகிஜியில் வெளிச்சந்தைக் கடைகளை மட்டுமே பார்ப்பார்.

இரண்டாவது இன்னும் பெரிய குறை. பட்டியலுக்குத் தூரம் தெரியாது. கிழக்கே அசகுசா, மேற்கே ஷிபுயா, மறுபடி கிழக்கே ஸ்கைட்ரீ என்று ஒரே நாளில் எழுதிவைக்கும் திட்டங்கள் இன்றும் ஏராளம். பான்ஷிரோவுக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. ஒரு நாளில் ஒரு திசைக்குப் போய்வந்தால் அவருக்குப் போதும். அவருக்காக வளர்ந்த அலகை ஐந்து நாளுக்குள் திணிக்கும்போது பாதிப் பொழுது ரயில் பெட்டிக்குள் நின்றே கழிகிறது.

விருந்தினருக்கான வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த வெளிநாட்டவர்களின் சிக்கல் வேறு. உடன்படிக்கைத் துறைமுகங்களிலிருந்து சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால் போக அவர்களுக்கு உள்நாட்டு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. இந்த நிலை 1899 வரை நீடித்தது. எர்னஸ்ட் சாட்டோவும் ஏ.ஜி.எஸ். ஹாஸும் 1881-இல் வெளியிட்ட கையேடு அந்த வாசகருக்கானது. 1893-இல் ஷிபுசாவா எய்ச்சி போன்ற தொழிலதிபர்களின் ஆதரவில் வெளிநாட்டு விருந்தினரை வரவேற்க ஒரு சங்கம் தொடங்கியது. 1912-இல் ஜப்பான் சுற்றுலாப் பணியகம் வந்தது. அந்நியச் செலாவணியும் நாட்டின் நற்பெயருமே நோக்கம் என்பதை யாரும் மறைக்கவில்லை.

இந்த மரபு டோக்கியோவை வந்திறங்கும் கூடமாகப் பார்த்தது. அங்கிருந்து நிக்கோ, காமகுரா, ஹகோனே என்று வெளியே போகும் வழக்கம் அப்போதே வேரூன்றியது. இன்றைய ஐந்து நாள் திட்டங்களிலும் இரண்டு நாள் அப்படி வெளியே கழிவதுண்டு. ஒன்று போதும் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

தண்டவாளத்தின் கணக்கு

1872-இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ரயில் ஓடியது. 1925-இல் யமனோட்டே தடம் முழு வளையமானது. இன்று அதன் நீளம் 34.5 கிலோமீட்டர், நிலையங்கள் 30, ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1927-இல் ஊயெனோவுக்கும் அசகுசாவுக்கும் இடையே ஆசியாவின் முதல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. புறநகரிலிருந்து வந்த தனியார் ரயில் நிறுவனங்கள் வளையத்தின் விளிம்பில் முனையங்களை அமைத்து, அவற்றின் மேலேயே பல்பொருள் அங்காடிகளைக் கட்டின. ஷிபுயாவும் ஷிஞ்ஜுகுவும் இக்கெபுகுரோவும் பெருமையங்களானதில் இந்த வணிகக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. பயணி ரயிலில் வர வேண்டும், அங்காடியில் வாங்க வேண்டும், மீண்டும் ரயிலில் வீடு போக வேண்டும்.

இதிலிருந்து கிளைத்த நிலைப்பாடு இன்று ஏறக்குறையப் பொதுப்புத்தியாகிவிட்டது: வளையத்தின் மேல் ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கு, ஊரை நிலையம் நிலையமாகப் பார். 2001-இல் வந்த சுயிக்கா அட்டை பயணச்சீட்டுக் குழப்பத்தைப் பெரிதும் குறைத்தது. 2004-இல் சுரங்க நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் தரப்பட்டபின், ஜப்பானிய எழுத்து தெரியாதவரும் எண்ணைப் பார்த்து இறங்க முடிந்தது. ஊரை அந்நியருக்குத் திறந்துவிட்டதில் எந்த வழிகாட்டி நூலும் செய்யாததை இந்த இரண்டும் செய்தன.

என்றாலும் ரயில் வரைபடம் ஊரின் வரைபடம் அன்று. நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையே உள்ள நேரத்தை அது சொல்லும். நிலையத்துக்குள் ஆகும் நேரத்தைச் சொல்லாது. நாளொன்றுக்கு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் ஷிஞ்ஜுகுவில் வாசல்கள் இருநூறுக்கு மேல் என்பார்கள். தவறான வாசலில் ஏறினால் அதைத் திருத்தவே கால் மணி நேரம் போகும். எதிர்ப்பிழையும் உண்டு: ஹராஜுகுவிலிருந்து ஷிபுயாவுக்கும், ஊயெனோவிலிருந்து அகிஹபராவுக்கும் பேசாமல் நடந்துவிடலாம், வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் ரயிலேறுவார். நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் ரயில்கள் நின்றுவிடும் என்பதும் பலர் கணக்கில் வராது.

ரயில் மரபின் இன்னொரு எச்சம் நாடு முழுவதுக்குமான ரயில் பாஸ். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர ஏறத்தாழ 28,000 யென்தான் ஆகிறது. டோக்கியோவையும் கியோட்டோவையும் மட்டும் பார்ப்பவருக்குப் பாஸ் நட்டமே. அது கட்டாயம் என்று சொல்லும் பழைய அறிவுரைகள் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

தங்குமிடம் பற்றிய மேற்கு–கிழக்கு வழக்கும் இங்கேதான் பிறக்கிறது. ஷிஞ்ஜுகு, ஷிபுயா பக்கம் இரவு நீளம், தடங்கள் மிகுதி. ஊயெனோ, அசகுசா பக்கம் பெரும்பாலும் வாடகை குறைவு. 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரித்தா விமான நிலையத்திலிருந்து வரும் கெய்செய் ரயில் ஊயெனோவிலேயே முடிகிறது. ஹனெடாவில் இறங்குபவருக்கு அந்த வாதம் பலவீனப்படும். எந்த விமான நிலையம் என்று தெரியாமல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

காலால் படிப்பவர்கள்

பட்டியலையும் தண்டவாளத்தையும் ஒருசேர மறுத்தவர்கள் நடப்பவர்கள். இவர்களில் தலையாயவர் நாவலாசிரியர் நகாய் காஃபு. மரக்கட்டைச் செருப்பும் குடையுமாக டோக்கியோவின் சந்துகளில் அலைந்ததை அவர் 1915-இல் ‘ஹியோரி கெத்தா’ என்ற நூலாக்கினார். அவர் கையில் இருந்தது அக்கால வரைபடம் அன்று. பகுதி பகுதியாக அச்சிட்ட பழைய எடோ வரைபடம். அளவு துல்லியமில்லாவிட்டாலும் பூ பூக்கும் இடத்தில் பூவை வரைந்த அந்தப் படம், இராணுவ நில அளவைத் தாளைவிட மேல் என்பது அவர் கட்சி. அந்த வரைபடங்களில் ஒரு நுட்பமும் உண்டு: ஒரு மாளிகையின் உரிமையாளர் பெயர், அதன் முதலெழுத்து தலைவாயில் இருக்கும் பக்கத்தைப் பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கும். வரைபடத்தைத் திருப்பித் திருப்பித்தான் படிக்க வேண்டும்.

பத்தாண்டு கழித்து கோன் வாஜிரோ இதே நடையை ஆய்வாக்கினார். 1925-இல் கின்ஸா நடைபாதையில் நின்று, போகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்தார். நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்த புதிய ஊருக்கு 1929-இல் அவர் தொகுத்த பெருவழிகாட்டி, கோயில்களோடு காஃபிக்கடைகளையும் அன்றாடக் கூட்டத்தையும் பார்க்கத்தக்கவையாகக் கருதியது.

ரோலான் பார்த் 1970-இல் வெளியிட்ட ‘குறிகளின் பேரரசு’ இந்த நிலைப்பாட்டுக்கு வெளியுலகில் புகழ் தேடித் தந்தது. தெருக்களுக்குப் பெயரில்லாத ஊர், நடுவில் வெறுமையான அரண்மனை வளாகம், கண்ணாலும் காலாலும் மட்டுமே கற்கக்கூடிய நகரம் என்பது அவர் சித்திரம். அழகான சித்திரம், சற்று மிகையானதும்கூட. அரண்மனையின் கிழக்குத் தோட்டம் 1968-லேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முகவரிக்கும் ஒழுங்கு இல்லாமல் இல்லை. 1962 சட்டம் வீடுகளைத் தெருவரிசையில் எண்ணாமல் பேட்டை, அதற்குள் மனைத்தொகுதி, அதைச் சுற்றி எண் என்று வகுத்தது. வெளியாருக்குப் புரியாதது ஒழுங்கின்மை ஆகாது. அதே சட்டத்தின் பெயரால் பல பழைய பேட்டைப் பெயர்கள் அழிந்தன என்பதே உள்ளூர்க்காரர்களின் மனக்குறை.

பயணிக்கு அதிகம் உதவக்கூடியவர் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜின்னாய் ஹிடெனோபு. எரிந்தும் இடிந்தும் கட்டடங்கள் மாறினாலும் எடோவின் மேடு பள்ளமும் மனை எல்லைகளும் அடியில் அப்படியே இருக்கின்றன என்பது 1985-இல் வெளியான அவர் நூலின் வாதம். மேட்டில் பிரபுக்களின் மாளிகைகள், தாழ்வில் வணிகரும் கைவினைஞரும். மாளிகை மனைகள் பின்னாளில் பூங்காவாகவும் பல்கலைக்கழகமாகவும் தூதரகமாகவும் மாறின. மயேதா குடும்பத்தின் மனையில் இன்று டோக்கியோ பல்கலைக்கழகம் நிற்கிறது. அதன் சிவப்பு வாயில் 1827-இல் எழுந்தது. ஷிஞ்ஜுகு க்யோஎன் பூங்கா நைத்தோ குடும்பத்தின் மனை. கோயிஷிகாவா கொராக்குஎன் மித்தோ பிரபுக்களின் தோட்டம். இதை அறிந்து போகிறவருக்கு நான்கைந்து தனித்தனி இடங்கள் ஒரே கதையின் பகுதிகளாகிவிடும். எந்தப் பட்டியலும் இதைத் தருவதில்லை.

நடப்பவர்களின் பலவீனம் அவர்கள் ஊர்க்காரர்கள் என்பதுதான். காஃபு இன்று வழிதவறினால் நாளை மறுபடி வரலாம். ஐந்து நாள் பயணிக்கு, அதுவும் முதியவரோ குழந்தையோ உடன் வந்தால், குறிக்கோளில்லாமல் அலைவது விலைகூடிய பண்டம். இன்னொரு முரணும் இருக்கிறது. யனகா, நெசு, செந்தகி என்ற மூன்று பழைய பேட்டைகளைப் பற்றி அங்குள்ள பெண்கள் சிலர் 1984-இல் ஒரு சிறுபத்திரிகை தொடங்கினார்கள். அது 2009 வரை வந்தது. தங்கள் பேட்டையின் நினைவுகளைப் பதிவுசெய்ய நடத்திய அந்த இதழ் அந்தப் பகுதிக்கு ‘யனெசென்’ என்ற கூட்டுப்பெயரைப் பரப்பியது. பெயரைத் தேடி வெளியூர்க் கூட்டம் வந்தது. பட்டியலுக்கு மாற்றாக எழுந்த பேட்டை, பட்டியலில் ஓர் எண்ணாகிவிட்டது.

பருவக் கணக்கு

‘எடோ மெய்ஷோ சுஎ’வை முடித்த அதே சைட்டோ கெஷின் 1838-இல் ‘தோத்தோ சைஜிகி’ என்ற ஆண்டுமுறை நூலையும் வெளியிட்டார். எங்கே என்பதற்கு ஒன்று, எப்போது என்பதற்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திட்டம் என்று அவர் கருதியிருக்கலாம். பின்வந்தவர்கள் இரண்டாவதை செர்ரிப் பூவாகச் சுருக்கிவிட்டார்கள்.

செர்ரி டோக்கியோவில் பெரும்பாலும் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பூக்கிறது. முழு மலர்ச்சி ஒரு வாரம் நின்றால் அதிகம். யசுகுனி வழிபாட்டிடத்திலுள்ள ஒரு மாதிரி மரத்தைப் பார்த்தே வானிலை நிறுவனம் மலர்ச்சியை அறிவிக்கிறது. 1951 முதல் தானே வெளியிட்டுவந்த மலர்ச்சி முன்கணிப்பை அது 2010-இல் நிறுத்திக்கொண்டு தனியாரிடம் விட்டுவிட்டது. ஆறு மாதம் முன்பே விமானச்சீட்டு எடுப்பவர் ஆடுவது சூதாட்டம்தான். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையில் போகிறவருக்குப் பூ எப்படியும் கிட்டாது. ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான ஜப்பானிய விடுமுறைக் கூட்டம்தான் கிட்டும். ஜூனும் ஜூலை முற்பாதியும் மழை, ஆகஸ்டில் புழுக்கம், செப்டம்பரில் புயல். நவம்பர் கடைசியில் மஞ்சளாகும் கின்கோ மரங்களும், குளிர்காலத் தெளிவானத்தில் தெரியும் ஃபுஜியும் அதிகம் பேசப்படாத நல்ல தேர்வுகள்.

மதிப்பெண்ணும் முன்பதிவும்

தெருக்காட்சிப் படங்களை கூகுள் 2008-இல் ஜப்பானில் தொடங்கியது. வேலிக்கு மேலிருந்து வீட்டுக்குள் தெரிகிறது என்ற புகாரால் மறுவருடம் கேமராவை 40 சென்டிமீட்டர் தாழ்த்தி மறுபடி படமெடுக்க வேண்டியதாயிற்று. போவதற்கு முன்பே சந்துகளைப் பார்த்துவிடும் வசதிக்கு ஊர் கொடுத்த முதல் எதிர்வினை அது. 2005-இல் தொடங்கிய உணவக மதிப்பீட்டுத் தளமான தபெலாக்கில் 3.5 என்பது நல்ல மதிப்பு. 4.5-க்குக் கீழே இருந்தால் கடையில் கால் வைக்கமாட்டேன் என்று வரும் வெளிநாட்டவர் ஊரின் பாதி நல்ல சாப்பாட்டைத் தவறவிடுகிறார்.

மதிப்பெண் கூட்டத்தை ஓரிடத்தில் குவிக்கிறது. குவிந்த இடம் முன்பதிவைக் கேட்கிறது. மித்தாகாவிலுள்ள ஜிப்லி அருங்காட்சியகத்தின் சீட்டுகள் அடுத்த மாதத்துக்கானவை ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி விற்பனைக்கு வருகின்றன. வாசலில் சீட்டு கிடையாது. ஜப்பானுக்கு வருவோர் 2003-இல் சுமார் 52 லட்சம், 2019-இல் 3.19 கோடி, 2024-இல் 3.69 கோடி. இந்தப் பெருக்கத்தில் ‘அப்போதைக்கு அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நிலைப்பாட்டுக்கு இடம் குறைந்திருப்பது உண்மை. ஆனால் முன்பதிவு கட்டாயமான இடங்கள் இன்னும் கைவிரலில் எண்ணத்தக்கவையே. ஐந்து நாளையும் அரைமணிக் கூறுகளாக வெட்டுவதற்கு அது காரணமாகாது.

இந்தத் தளங்களின் காலத்திலும் அச்சு வழிகாட்டிக்குப் புதிய வாசகர் கிடைத்ததுண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கென 1979 முதல் நூல் வெளியிட்டுவந்த ஒரு ஜப்பானிய வரிசை 2020-இல் முதல்முறையாக டோக்கியோவுக்கு ஒரு பதிப்புக் கொண்டுவந்தது. பெருந்தொற்றால் வெளியே போக முடியாத டோக்கியோக்காரர்களே அதை வாங்கிக் குவித்தார்கள். தங்கள் ஊரையே அந்நியர் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டவர்கள்.

திட்டங்கள் மறந்த வயிறு

மேற்சொன்ன எந்த மரபும் மரக்கறி உண்பவரை எண்ணிப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் காய்கறியாகத் தெரியும் சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் காய்ந்த பொனிட்டோ மீனின் சாறு இருக்கும். புத்தமடங்களின் ஷோஜின் உணவு விதிவிலக்கு. விலை அதிகம், பல இடங்களில் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இந்திய உணவுக்கு வரலாறு உண்டு: ஷிஞ்ஜுகுவின் நகமுராயா 1927-இல் இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ் வழியாகக் கறியை அறிமுகப்படுத்தியது, கேரளத்தவரான ஏ.எம். நாயர் 1949-இல் கின்ஸாவில் கடை திறந்தார். நகமுராயா புகழ்பெற்றது கோழிக்கறிக்கு என்பதை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். இந்தியக் குடும்பங்கள் மிகுந்த நிஷி-கசாய் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. மரக்கறிக் குடும்பத்துக்கு மதியச் சாப்பாடு எந்தப் பேட்டையில் என்று முதலில் தீர்மானித்து, அதைச் சுற்றிப் பார்வையிடங்களை அடுக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

தீராதவை

ஒரு நாளுக்கு ஒரு திசை, அந்தத் திசையில் நடக்கத்தக்க இரண்டு பேட்டைகள், அவற்றுக்கு இடையே ரயில் என்ற கலவை ஐந்து நாளுக்கு ஓரளவு தாங்கும் என்று இந்த வரலாற்றிலிருந்து சொல்லலாம். பட்டியலுக்கு அதில் இடம் உண்டு. ஆனால் நாளை வகுக்கும் அதிகாரம் இருக்கலாகாது. இது முதல்முறை போகிறவருக்குப் பொருந்துவதுபோல மறுமுறை போகிறவருக்கும் பொருந்துமா என்பது தெளிவாகவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி கூட்டத்தைப் பற்றியது. ஷிபுயா 2024 அக்டோபர் முதல் தெருவில் இரவு மது அருந்துவதை ஆண்டு முழுவதும் தடைசெய்துவிட்டது. நெரிசலைப் பிரித்துப் பிற பேட்டைகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது அரசின் விருப்பம். அமைதியான பேட்டையைத் தேடு என்பது நடப்பவர்களின் பழைய அறிவுரை. இரண்டும் இப்போது ஒரே திசையைக் காட்டுகின்றன. வந்து சேரும் கூட்டத்தை யனெசெனின் மூன்று சிறு பேட்டைகள் எத்தனை தூரம் தாங்கும் என்பதற்கு யனகாவின் குடியிருப்போரிடமும் கடைக்காரரிடமும் ஒரே விடை கிடைக்காது.